அப்பாவின் மோடமும் டெலிபோன் மாமாவின் காலும்

‘கீய்ய்ய்ங்... டிங் டிங்... கர்ர்ர்ர்... ஷ்ஷ்ஷ்ஷ்...’

பயப்படாதீங்க மக்களே, அச்சுப் பிழை இல்லை! நம்ம அப்பா, சித்தப்பா காலத்தில் இன்டர்நெட் இப்படிக் கத்திக்கொண்டேதான் வீட்டுக்குள் நுழையுமாம். 2005-ல் பிறந்த எனக்கு இந்தச் சத்தம் யூடியூப் புண்ணியத்தில்தான் அறிமுகம்.

2025 தீபாவளிக்கு ராஜபாளையம் போயிருந்தேன். சென்னையில் இ.சி.இ. மூன்றாம் வருஷம் படிப்பு, வாரத்தில் இரண்டு நாள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இன்டர்ன் வேலை என்று நான் கொடுத்த பில்டப்புக்கெல்லாம் அம்மா அசரவில்லை. “இன்ஜினீயர் மேடம், பரணைக் கொஞ்சம் ஒட்டடை அடிங்க” என்று துடைப்பத்தைக் கையில் கொடுத்துவிட்டார். பரணில் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே சாம்பல் நிறத்தில், சின்ன டிபன் பாக்ஸ் சைஸில் ஒரு சமாசாரம். முன்னால் வரிசையாகக் குட்டி விளக்குகள், பின்னால் டெலிபோன் வயர் சொருகும் ஓட்டை. 56கே மோடம்!

அமெரிக்காவில் ஏ.ஓ.எல். கம்பெனி தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30-ம் தேதியோடு நிறுத்திவிட்ட செய்தியை அப்போதுதான் படித்திருந்தேன். செத்துப்போன ஒரு ஜீவனின் எலும்புக்கூடு நம்ம வீட்டுப் பரணிலேயே இருக்கே என்று குஷியாகிவிட்டது. கூடவே ஒரு சின்னப் புத்தகம், இன்ஸ்டலேஷன் மேனுவல். படியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். மோடத்தை எப்படி மாட்டுவது என்பதற்கு நாலு பக்கம்தான். எதையெல்லாம் செய்யக்கூடாது என்பதற்கு ஏழெட்டுப் பக்கம்!

இடி மின்னல் நேரத்தில் டெலிபோன் வயரிங் வேலை செய்யாதே. ஈரமான இடத்தில் ஜாக் மாட்டாதே. லைனைத் துண்டிக்காமல் உறை இல்லாத கம்பியைத் தொடாதே. 26 கேஜைவிட மெல்லிய வயர் போடாதே. ரிப்பேர் என்றால் நீயே திறக்காதே, கம்பெனி சொன்ன ஆளிடம் கொடு. எல்லாவற்றுக்கும் மேலாக, உன் கருவியால் நெட்வொர்க்குக்குத் தீங்கு என்றால் டெலிபோன் கம்பெனி உன் லைனைத் தற்காலிகமாகத் துண்டிக்கும், சரிபண்ணிய பிறகுதான் திரும்பத் தரும்.

“அப்பா, இங்க பாருங்களேன்... ஒரு டப்பாவுக்கு இம்புட்டு சீன்!” என்று சத்தமாக வாசித்துக் காட்டிச் சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. பேப்பரை மடித்து வைத்தார். “அந்தப் பக்கத்தை நான் அப்பவே படிச்சிருக்கணும்மா” என்றார்.

எதுக்கு இப்படி ஃபீல் பண்றார் என்று புரியவில்லை. அப்புறம் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார்.

அப்பா 2001-ல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். ஆறு கம்ப்யூட்டர், ஒரே ஒரு டெலிபோன் லைன், ஒரே ஒரு மோடம். அந்த ஒன்றைத்தான் ஆறு பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நம்ம நாட்டில் வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டு ஆறு வருஷம் ஆகியிருந்த நேரம். பிளஸ் டூ ரிசல்ட் அன்று தெருவே கடை வாசலில் நிற்குமாம். மோடம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கியது. நாலாயிரம் ரூபாய். அம்மாவின் கம்மலுக்கும் அந்த நாலாயிரத்துக்கும் ஏதோ சம்பந்தம் உண்டு, அந்த ஏரியாவுக்குள் நான் போகவில்லை!

இந்த இடத்தில் கொஞ்சம் டெக்னிக்கல் பேசணும். போரடிச்சா என்னைத் திட்டாதீங்க, எங்க சிலபஸைத் திட்டுங்க.

டெலிபோன் வயர் பாவம் போலத் தெரியும். ஆனால், சும்மா இருக்கும்போதே அதில் 48 வோல்ட் டி.சி. நிற்கும். போன் மணி அடிக்கும்போது அதற்கு மேல் 70, 80 வோல்ட் ஏ.சி. ஏறும். கையில் பிடித்திருந்தால் நல்லாவே தெரியும். கம்ப்யூட்டர் பக்கம் பார்த்தால், அது கரன்ட் பாக்ஸோடு கட்டிப்போட்ட பிராணி. டெலிபோன் கம்பிக்கு எக்ஸ்சேஞ்சில் ஒரு எர்த், கம்ப்யூட்டருக்கு நம்ம வீட்டில் ஒரு எர்த். இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதுதான் மோடம். உள்ளே தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் மறுபக்கம் அனுப்பும், கரன்ட்டை அனுப்பாது. ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் கொடுத்தாலும் அந்தச் சுவர் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மோடத்தின் அடியில் அந்த அப்ரூவல் ஸ்டிக்கரை ஒட்டணும்.

ஸ்டிக்கர் என்றதும் ஞாபகம் வருது. அதன் பின்னால் ஒரு பெரிய சண்டையே இருக்கு பாஸ். அமெரிக்காவில் ஒரு காலத்தில் ஏ.டி. அண்ட் டி. கம்பெனியின் லைனில் அந்தக் கம்பெனியின் கருவியைத் தவிர வேறு எதையும் மாட்டக்கூடாது. டெக்ஸாஸ்காரர் தாமஸ் கார்ட்டர் ‘கார்ட்டர்ஃபோன்’ என்று ஒன்று செய்தார். டெலிபோன் ரிசீவரை அதன் மேல் வைத்தால், வயர்லெஸ் ரேடியோவில் இருப்பவரோடு பேசலாம். கம்பி இணைப்புகூடக் கிடையாது, வெறும் சத்தம்தான்! அதற்கே கம்பெனி தடை போட, வழக்கு போய், 1968-ல் எஃப்.சி.சி. கார்ட்டர் பக்கம் தீர்ப்பு சொன்னது. நெட்வொர்க்குக்குத் தீங்கு இல்லாத கருவியை யாரும் மாட்டலாம். உடனே கம்பெனி, ‘மாட்டிக்கோ, ஆனா நடுவுல எங்க பாதுகாப்புப் பெட்டியை வாடகைக்கு வாங்கி வை’ என்று அடுத்த கொக்கி போட்டது. அதற்கும் முடிவு கட்டத்தான் எஃப்.சி.சி. 1975-ல் ‘பார்ட் 68’ என்ற விதிகளைக் கொண்டுவந்தது. பாதுகாப்பைக் கருவிக்குள்ளேயே வை, சோதித்துப் பதிவு செய், பிறகு நேராக மாட்டு.

அந்த விதியில் ‘தீங்கு’ என்றால் என்ன என்று நாலே நாலு விஷயம் சொல்கிறார்கள். டெலிபோன் கருவிகள் கெட்டுப்போவது, பில் போடும் மெஷின் குழம்புவது, பக்கத்து லைன்காரருக்குச் சேவை கெடுவது. இந்த மூன்றுக்கும் முன்னால், முதலாவதாக எழுதியிருப்பது டெலிபோன் ஊழியருக்கு ஷாக் அடிப்பது. மேனுவலைப் படித்தபோது, எல்லாம் மோடம் வாங்கியவன் நல்லா இருக்கணும் என்று எழுதியது என்றே நினைத்திருந்தேன். கம்பத்தில் ஏறி நிற்கும் ஒரு ஆள் அதற்குள் இருப்பது எனக்குத் தெரியாது.

(இன்னொரு சுவாரஸ்யம்: 56கே மோடம் அமெரிக்காவில் 56-ஐத் தொட்டதே கிடையாது. பக்கத்துக் கம்பியில் பேச்சு கசியக்கூடாது என்று சிக்னலின் பவருக்கு அதே விதிகள் போட்ட கட்டுப்பாட்டால் 53-ஓடு நின்றுவிடும். டப்பாவில் மட்டும் 56 என்று கொட்டை எழுத்து!)

ஓகே, ராஜபாளையத்துக்கு வருவோம்.

2003 அக்டோபர். மலைப்பக்கம் கறுத்தாலே எங்க ஊரில் இடி மிரட்டிவிடும். ஒரு சாயங்காலம் ‘டமார்’. எங்கேயோ விழுந்த இடி, டெலிபோன் கம்பி வழியாக வந்து மோடத்தைப் பதம் பார்த்துவிட்டது. அப்பா கரன்ட் பக்கம் ஸ்பைக் பஸ்டர் போட்டிருந்தார். இடி வந்தது போன் பக்கம். மழை வரும் முன்னாலேயே போன் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கியிருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும். கடையில் கூட்டம், பிடுங்க மனசு வரவில்லை.

திறந்து பார்த்தால், நான் சொன்னேனே அந்தக் குட்டி டிரான்ஸ்ஃபார்மர், கருகிக் கிடந்தது. சென்னைக்கு அனுப்பினால் பதினைந்து நாள் ஆகும். புதுசு வாங்கப் பணம் இல்லை. டி.வி. மெக்கானிக் நண்பர் ஒருவர் ஐடியா கொடுத்தார்: “அதைத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டு கெபாசிட்டர் போடு, சிக்னல் போகும்.” அப்பாவே சால்டர் பண்ணினார். கனெக்ட் ஆகிவிட்டது! ஸ்பீடு பாதிதான், ஆனாலும் ஆச்சு. அன்று ராத்திரி அப்பா பரோட்டா வாங்கிக்கொண்டு வந்து கொண்டாடியதாக அம்மா இடையில் புகுந்து சாட்சி சொன்னார்.

ஒரு வாரம் கழித்து லைனில் ‘ம்ம்ம்ம்’ என்று இரைச்சல். அப்பா போய் கம்ப்ளைன்ட் எழுதிக் கொடுத்தார்.

வந்தவர் டெலிபோன் மாமா. சொந்த மாமா இல்லை, பக்கத்துத் தெருதான், ஆனால் சொந்தத்தைவிட மேல். அப்பாவை ‘மாப்ளே’ என்றுதான் கூப்பிடுவார். தூறலில் ஏணியைக் கம்பத்தில் சாய்த்து ஏறினார். கோளாறு எக்ஸ்சேஞ்ச் பக்கமா, கடைப் பக்கமா என்று பார்க்க, மேலே பெட்டியில் லைனைப் பிரித்தார். கடைப் பக்கத்து வயரைக் கையில் எடுத்தார். அதே நேரம் கடைக்குள் யாரோ மெயில் பார்க்க மோடம் விடாமல் லைனைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சுருக். கையை உதறினார். ஏணி ஈரம். கீழே விழுந்ததில் இடது கணுக்கால் போய்விட்டது. மூன்று மாசம் படுக்கை. இன்றைக்கும் அவர் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். ‘மழையில வழுக்கி விழுந்துட்டேன்’ என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை.

“நான் தினமும் சாப்பாடு கொண்டு போய்க் கொடுத்தேன். ஆனா, சொல்லலைம்மா” என்றார் அப்பா. “மாமா விழுந்த அன்னிக்கே அந்த மோடத்தைக் கழட்டினேன். தூக்கிப் போடவும் முடியலை.”

பெட்டிக்குள் இருந்ததை ஸ்க்ரூ கழற்றிப் பார்த்தேன. டிரான்ஸ்ஃபார்மர் இருந்த இடத்தில் அந்த இரண்டு கெபாசிட்டரும் அப்படியே, கோணலாக.

அன்று ராத்திரி நோட்டில் கணக்குப் போட்டேன். நீங்க லேப்டாப்பை சார்ஜில் போட்டுவிட்டு அதன் மெட்டல் உடம்பைத் தடவினால் சுள்ளென்று லேசாக ஒரு கூச்சம் தெரியுமே, அதே சமாசாரம்தான். கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் குட்டி கெபாசிட்டர்கள் ஒரு துளி கரன்ட்டை எர்த்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். எர்த் ஒழுங்காக இருந்தால் யாருக்கும் தெரியாது. அப்பா கடையில் எர்த் கம்பி பிளக் வரைக்கும் வந்து, சுவருக்குள் எங்கேயும் போகாமல் நின்றிருக்கிறது. ஆறு கம்ப்யூட்டரின் எர்த்தும் ஒரே எக்ஸ்டென்ஷனில் சேர்ந்து, போக வழியில்லாமல் கிடந்தது. பெட்டிகளின் உடம்பில் சுமார் 115 வோல்ட். ஒரு கம்ப்யூட்டருக்கு மில்லி ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தாலும், ஆறுக்கு 2 மில்லி ஆம்பியர். சீரியல் கேபிள், மோடம், அப்பாவின் கெபாசிட்டர், போன் வயர்... எக்ஸ்சேஞ்ச் பக்கம் பிரித்துவிட்டதால் மிச்சமிருந்த ஒரே வழி மாமாவின் கை. தரையில் நின்றிருந்தால் ‘ச்சே’ என்று உதறிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். 2 மில்லி ஆம்பியர் ஆளைக் கொல்லாது. ஏணியில் நின்றார்.

தூக்கம் வரவில்லை. அதற்கு அப்பா மட்டும் காரணம் இல்லை.

நான் இன்டர்னாக இருக்கும் பரிசோதனைக் கூடத்தில் ‘ஹை-பாட்’ என்று ஒரு டெஸ்ட். சார்ஜர், அடாப்டர் மாதிரியான கருவிகளில் கரன்ட் பக்கத்துக்கும் நாம் தொடும் பக்கத்துக்கும் நடுவில் 3000 வோல்ட் கொடுத்து, 60 விநாடி தாங்குகிறதா என்று பார்க்கணும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம். பட்டனை அழுத்திவிட்டு சும்மா நிற்கணும். தீபாவளிக்கு முந்தின வாரம் பன்னிரண்டு அடாப்டர் என் மேஜையில். எட்டு முடித்தேன். ஊருக்குப் போற பஸ் ஒன்பது மணிக்கு. மிச்சம் நாலையும் பத்துப் பத்து விநாடியில் முடித்துவிட்டு, படிவத்தில் 60, 60, 60, 60 என்று எழுதிவிட்டு ஓடிவந்துவிட்டேன். ‘எட்டு பாஸ் ஆனா மீதி நாலு ஆகாதா என்ன?’

லீவு முடிந்து போன முதல் நாள், சீனியர் சார் முன்னால் போய் நின்றேன். மனசுக்குள் ரிகர்சல் பார்த்த வசனமெல்லாம் மறந்துபோய், “சார், நாலு ரீடிங் பொய் சார்” என்றுதான் வந்தது. அவர் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். படிவத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, “பன்னிரண்டையும் முதல்ல இருந்து பண்ணு” என்று போய்விட்டார். நாலுதான் பொய் என்றேன், பன்னிரண்டையும் நம்பவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை!

பன்னிரண்டும் பாஸ்தான். அது எனக்கு ஆறுதலா, அவமானமா என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.

சார் பிற்பாடு ஒரு தகவல் சொன்னார். நம்ம நாட்டில் டெலிகாம் கருவிகளுக்குக் கட்டாயப் பரிசோதனை, சான்றிதழ் என்ற விதி 2017-ல் வந்து, 2019 அக்டோபரில்தான் முதல் கட்டம் அமலுக்கு வந்தது. அந்த முதல் பட்டியலிலேயே மோடம் இருக்கிறதாம். அப்பாவின் கடைக்கு வந்திருந்தால் பெரிய உபகாரமாக இருந்திருக்கும். ஆனால், எந்தச் சான்றிதழும் சால்டரிங் அயர்னோடு ஒருத்தர் உள்ளே இறங்கும்வரைதான்.

அடுத்த மாசம் ஊருக்குப் போனபோது, நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து சட்டையைப் போட்டார். “அந்தப் பெட்டியை எடுத்துக்க. மாமா வீட்டுக்குப் போவோம்.”

மாமா ரிடையராகி இப்போது மாடித் தோட்டம் போட்டிருக்கிறார். கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அப்பா ஒன்றும் பேசாமல் திறந்த மோடத்தை அவர் கையில் கொடுத்தார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எவம்லே இவ்வளவு கேவலமா சால்டர் வெச்சது?”

“நான்தான் மச்சான். அன்னிக்கு நீங்க விழுந்தது...”

“தெரியும் மாப்ளே.”

அப்பாவுக்குக் குரலே எழும்பவில்லை. மாமா வாளியைக் கீழே வைத்தார். “மணி அடிக்கிற கரன்ட்டு விட்டு விட்டுத்தான் அடிக்கும். இது விடாம இழுத்துச்சு. முப்பது வருஷம் கம்பி பிடிச்சவனுக்கு வித்தியாசம் தெரியாதா? ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே நம்ம பயலுககிட்ட சொல்லி அனுப்பிச்சேன், அந்தக் கடை லைனை மேலயே கழட்டி வையிங்கடான்னு. ஒரு மாசம் ஒன் போன் டெட்டா கெடந்துச்சே, கேபிள் ஃபால்ட்டுன்னா நெனச்சே?”

“ஆமா மச்சான்... நாலு தடவை கம்ப்ளைன்ட் குடுத்தேன்.”

“அஞ்சாவது தடவை வரும்போது புது மோடம் வாங்கிட்டேன்னு சொன்னியாமே. அப்பறம்தான் குடுக்கச் சொன்னேன்.”

மேனுவலின் அந்தப் பக்கத்தை மாமா ஜென்மத்தில் படித்ததில்லை. கேட்டேன். “இங்கிலீஷு புத்தகமா மருமகளே? அதெல்லாம் யாரு படிச்சா!” என்றார்.

“அப்பவே என்னை நாலு சாத்து சாத்தியிருக்கலாம்ல?” என்றார் அப்பா.

“தினமும் ரெண்டு வேளை கறிக்கொழம்பு வந்துச்சு. கெடுத்துக்கவா?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார், நான் கத்தரிச் செடியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

மோடம் இப்போது என் ஹாஸ்டல் மேஜையில் இருக்கிறது. அந்த இரண்டு கெபாசிட்டரையும் கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்துவிட்டுத்தான் மாமா என்னிடம் கொடுத்தார்.